கிட்னிக்குப் பதில் மஜ்ஜை

அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன என்று தெரிந்த அன்றே, அடுத்து எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தான் காலமாகி ஆறு வருடம். பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான்.

அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஈசூனில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்கு வாரம் மூன்று நாள் போய், நாலு மணி நேரம் கிடந்துவிட்டு வருவாள். போன் பண்ணினால், "பஸ்ல தூரமா போற மாதிரிதான்டா இருக்கு. சும்மா உக்காந்திருக்கணும், அவ்ளோதான்," என்பாள். கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். கேட்காததால் நானே ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்டுக்குப் பெயர் கொடுத்தேன். பொருந்தாது என்றுதான் மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். எல்லாமே பொருந்தியது.

நான் பயந்தாங்கொள்ளி. லிஃப்டில் தனியாக ஏறினால் பாதியில் நின்றுவிடுமோ என்று பட்டன்களையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆள். பதினாலு வயதில், செகண்டரி டூவோடு படிப்பை விட்டதும் பரீட்சைக்குப் பயந்துதான். லிட்டில் இந்தியாவில் மீன், கறி, காய் விற்கும் ஈரச்சந்தையில் முப்பது வருடமாக ஆட்டுக்கறி வெட்டுகிறேன். அதனாலேயே, என் இடுப்பில் எந்த இடத்தில் கத்தி இறங்கும், உள்ளே என்னென்ன விலகும் என்று ஒன்று விடாமல் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துதான், சூப்பு எலும்பு வாங்க வாராவாரம் வரும் பெரியவர் ஒருவர் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்.

"இங்க பாரு லா. நீ வெட்டிப் போடுறியே, இந்த மஜ்ஜைதான். மனுசன் மஜ்ஜையில ஸ்டெம் செல்னு ஒண்ணு இருக்காம். ஹார்ட்டு, லிவரு, கிட்னி, எதுவா வேணும்னாலும் மாறுமாம்."

"அப்ப எதுக்கு சார் கிட்னிக்கு ஆள வெட்டுறாங்க?"

"டாக்டருங்களும் பொழைக்கணும்ல?"

அவர் சிரித்துவிட்டு எலும்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் அந்த வீடியோவைப் பிடித்துக்கொண்டேன். மஜ்ஜை எடுக்க இடுப்பெலும்பில் ஓர் ஊசி போதும். வெட்டில்லை, தையலில்லை. ஆஸ்பத்திரியில் கேட்கிறேன், கேட்கிறேன் என்று சொல்லியே இரண்டு மாதத்தைக் கடத்தினேன். பதில் என்னவாக இருக்கும் என்ற பயம்.

என் மனைவிதான் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "குடுக்கணும்னு நெனச்சா கிட்னியக் குடுங்க. முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. நடுவுல என்ன எலும்பு?"

அக்காவிடம் மஜ்ஜை விஷயத்தைச் சொன்னபோது அவள் குரலே மாறிவிட்டது. "அப்படியாடா? ஒனக்கு வெட்டு இல்லாம ஆனா எனக்கும் நிம்மதி."

கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிட்டார்கள். கொடுப்பவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசும் வழக்கம் அங்கே உண்டு. தமிழ் பேசும் டாக்டர், சின்னப் பெண். போன வேகத்திலேயே வீடியோவைப் பற்றிக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"மஜ்ஜையில இருக்கிற ஸ்டெம் செல் ரத்தத்த உண்டாக்கும், அங்கிள். இன்னொரு வகையும் அதுலயே இருக்கு, அது எலும்பு, கொழுப்பு மாதிரி ஆகும். மத்த உறுப்பாவும் மாறும்னு ஒரு காலத்துல நெறைய பேரு நம்பினாங்க. அப்புறம் நல்லாப் பாத்தா, பல எடத்துல அது மாறவே இல்ல. அங்க இருந்த செல்லோட போயி ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அதப் பாத்து மாறிடுச்சுன்னு நெனச்சிட்டாங்க."

"கிட்னியா மட்டும்..."

"மஜ்ஜையக் குடுத்து ஒரு கிட்னிய உண்டாக்க முடியாது. நீங்க கறி வெட்டுறவரு, கிட்னிய உள்ள பாத்திருப்பீங்களே. எவ்ளோ வேலப்பாடு."

பார்த்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அங்கிள், ஒங்களுக்கு விருப்பம் இல்லன்னா நீங்க யாருக்கும் பதில் சொல்ல வேணாம். நீங்க கொடுக்க ஏத்தவர் இல்லன்னு மட்டும் சொல்லிடுவோம். காரணம் சொல்ல மாட்டோம்."

அப்படியே சொல்லிவிடச் சொல்லித் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தப்பித்துவிட்டேன். ரயிலில் திரும்பும்போது அந்தப் பெரியவரைத் திட்டினேன், வீடியோ எடுத்தவனைத் திட்டினேன். மஜ்ஜை கிட்னியாக மாறும் என்று நான் எப்போதாவது உண்மையில் நம்பினேனா என்பது இன்றைக்கும் எனக்கே சந்தேகம்தான்.

நான் ஏற்றவன் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அக்கா அழவில்லை. இறந்தவர்களிடமிருந்து வரும் கிட்னிக்கான வரிசையில்தான் இன்னும் இருக்கிறாள். அது வருடக்கணக்கில் நீளும் வரிசை. ஆனால் அவள் கவலை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"ஏத்தவன் இல்லன்னு சும்மாவா சொல்லுவாங்க? ஒனக்கும் உள்ள என்னமோ இருக்குடா. சொல்ல மாட்டேங்கிறாங்க. எனக்கு வந்தது போதும், ஒனக்கு வரக் கூடாது."

இப்போது டயாலிசிஸ் இல்லாத நாளில் ஈசூனிலிருந்து ரயிலேறி, சந்தைக்கே சாப்பாடு கொண்டுவருகிறாள். தனக்குச் சமைக்கும் கிட்னிப் பத்தியச் சாப்பாடே எனக்கும். உப்பில்லை. காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டியிருப்பாள். படியேறிய மூச்சு வாங்க, ஊசி குத்திக் குத்திப் புடைத்துப் போன கையால் டப்பாவைத் திறந்து வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே நிற்பாள்.

"எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள்.