பீர் ருசிக்க ஓர் இடம்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

நாங்கள் நான்கு நண்பர்கள். சிறிய ஆலைகளில் தயாராகும் கிராஃப்ட் பீரை ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்து, ஒரு மாலை உட்கார்ந்து ருசி பார்க்க நினைத்தோம். நெய்வேலியில் அதற்கு இடமில்லை. கம்பெனி குவார்ட்டர்ஸில் வைத்தால், மூடியைத் திறக்கும் முன்பே செய்தி ஆபீஸுக்குப் போய்விடும். பிறகு விசாரணை. குவார்ட்டர்ஸே கையைவிட்டுப் போகலாம்.

அதனால் இன்று காலை எங்கள் பிளாக் கிளப் ஹாலைக் கேட்கப் போனேன். அதன் செயலாளர் என் டிபார்ட்மென்ட்காரர். என் பிரமோஷனைக் கெடுத்தவர் அவர்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் கத்தினார்.

"என்னா சார், படிச்சவரு பேசுற பேச்சா இது? குடும்பம் வந்து போற எடங்க!"

தலைகுனிந்து வெளியே வந்தேன். ஸ்கூட்டர் வரை பின்னாலேயே வந்தார்.

"சார், ஞாயித்துக்கெழம நம்ம வூட்டுக்கு வந்துடுங்க. சம்சாரம் ஊருக்குப் போவுது. நானும் பாண்டிலேர்ந்து ரெண்டு பாட்டில் வாங்கியாந்து வச்சிகினு இருக்கேன். யாருகிட்டயும் மூச்சு வுடாதீங்க."

தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். உண்மையாகவே அழைக்கிறாரா, பாட்டிலோடு பிடித்துக் கொடுக்கப் பார்க்கிறாரா?

நண்பர்களிடம் சொன்னேன். "மொதல்ல நீ போய்ப் பாருப்பா, அப்பறம் நாங்க வர்றோம்" என்கிறார்கள்.

போகலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

இந்த ஃபேஸ்புக் குழுவில் செயலாளரும் இருக்கிறார். எழுதியது யார் என்று கிளப் ஹால் என்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். இருந்தாலும் பெயர் போட எனக்குத் தைரியமில்லை. மறைத்தே பதிவிடுகிறேன்.