துரை சாப்பிட்டது

சித்தி வீட்டில் பூனைகள் வளர்வதற்குள் செத்துப்போயின. குட்டித்தனம்கூட விட்டிருக்காது. முதலில் வாந்தி எடுக்கும். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் வந்து உட்காரும். குடிக்காது. உள்ளேயிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் தலையைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்படி இரண்டு போயின. இரண்டுக்கும் சிறுநீரகம் என்றார் மருத்துவர்.

மாடிவீட்டு அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உன் வீட்ல ஏதோ இருக்குடி. மனுஷங்க கண்ணுக்குத் தெரியாது."

"இருந்தா பாத்திரமாவது தேய்ச்சு வைக்கலாம்ல அக்கா?" என்றாள் சித்தி. அக்கா போனதும் விளக்கு எல்லாவற்றையும் போட்டாள்.

மூன்றாவதாக வந்தது துரை. இந்த முறை விடக்கூடாது என்றிருந்தாள். மீனை நிறுத்தினாள், உப்பை நிறுத்தினாள், கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்தாள். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி முடித்தவன் நான். தீவனப் பாக்கெட்டின் பொடி எழுத்தைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு. புரதம், பாஸ்பரஸ் என்று வாசித்தேன். பாக்கெட்டில் இருப்பது மட்டும்தான் சாப்பாடு என்று எனக்கு யார் சொன்னது?

சித்திக்குப் பூ அலங்காரக் கடையில் வேலை. கல்யாண மேடையோ சவப்பெட்டியோ, லில்லி வரத்து இருக்கும் நாட்களில் எல்லாம் லில்லிதான். விரிந்த பூவுக்குள் தொங்கும் தூள் முடிச்சுகளை நகத்தால் கிள்ளி எடுப்பாள். உதிர்ந்தால் வெள்ளைத் துணியில் கறை போகாது.

ஒரு நாள் மாலை அந்த மணத்தோடு வந்து நாற்காலியில் சாய்ந்தாள். அதுவரை யாரிடமும் ஒட்டாத துரை முதன்முறையாக மடியில் ஏறி, அவள் சட்டைக் கையை நக்கு நக்கென்று நக்கியது.

"பாருடா, துரைக்கு என்மேல பாசம் வந்துடுச்சு!"

விடிந்ததும் துரை வாந்தி எடுத்தது. கிண்ணத்தின் முன்னால் போய் உட்கார்ந்தது. சித்தி அதைத் துண்டில் சுருட்டிக்கொண்டு ஓடினாள், பின்னால் நான்.

மருத்துவர் என்ன சாப்பிட்டது என்று கேட்டார். சித்தி ஒப்பித்தாள். அவர் துரையின் தாடையைப் பஞ்சால் துடைத்தார். பஞ்சு காவி நிறமானது.

"இது என்னம்மா?"

"பூத்தூள் சார். என் சட்டையில இருந்தது."

"என்ன பூ?"

சொன்னாள். அவர் கை அப்படியே நின்றது.

"பூனைக்கு லில்லி விஷம்மா. தூளை நக்கினாலே சிறுநீரகம் போயிடும். நல்லவேளை, உடனே தூக்கிட்டு வந்தீங்க."

சித்தி தன் கைகளை வேறு யாருடையதோபோல் பார்த்தாள்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிறுநீர் போனால் பிழைக்கும் என்றார்கள். கூண்டுக்குள்ளிருந்து துரை அவள் பக்கம் கழுத்தை நீட்டியது. அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றாள். மறுநாள்தான் விரிப்பு நனைந்தது.

"மூத்திரம் போயிட்டான்டா!" காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

இப்போது கடையிலேயே குளித்து, உடுப்பை அங்கேயே விட்டு, மாற்றுத்துணியில் வருகிறாள். துரை வீடு திரும்பிய பிறகு முதல் நாள் அப்படித்தான் வந்தாள். துரை ஓடிவந்து, சோப்பு மட்டுமே மணந்த அவள் கையை முகர்ந்தது. முடி சிலிர்க்கப் பின்வாங்கியது.

"நான்தான்டா" என்றாள் சித்தி, தரையில் உட்கார்ந்து.

அது அவளைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது, வரவேண்டியவள் இன்னும் வரவில்லை என்பதுபோல.