கடலில் விழுந்த கன்டெய்னர்கள்

போன வருடம் ஆடி மாதம், திருவொற்றியூரில் ஒரு பயிற்சி மையத்தின் மாடி அறையில் நடந்தது இது. ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் டேப்லெட் விளையாட்டுகளை வடிவமைப்பது என் வேலை. ஓரிடத்தில் உட்காராத, கவனம் தாவிக்கொண்டே இருக்கிற பிள்ளையை ஒரு கூட்டல் கணக்கு முடியும்வரை பிடித்துவைப்பதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும்.

அந்தப் பக்கம் வாசலைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிதான். அதையே விளையாட்டிலும் வைத்திருந்தேன். கப்பலில் ஒரு கணக்கு, கரையில் மூன்று கன்டெய்னர்களில் மூன்று விடைகள். சரியானதைத் தொட்டால் கிரேன் அதைக் கப்பலில் ஏற்றும், ஒரு நட்சத்திரம் மின்னும். தவறானதைத் தொட்டால் கன்டெய்னர் கடலில் விழும். அந்த விழும் காட்சிக்கு ரொம்பவே மெனக்கெட்டிருந்தோம். பெருமையாகக்கூட இருந்தது.

பிள்ளைகள் அதை எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்க அன்று நானும் மையத்துக்குப் போயிருந்தேன். வந்தவள் இரண்டாம் வகுப்புச் சிறுமி. அப்பா டிரெய்லர் ஓட்டுகிறவர், அம்மா அழைத்து வந்திருந்தார். பள்ளியில், இவளுக்குக் கணக்கே ஏறவில்லை, வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். மையம் தரும் அறிக்கையைப் பார்த்துத்தான் கடைசி முடிவு. அதில் கணக்குக்கு என் விளையாட்டை வைத்துத்தான் எழுதப்போகிறார்கள்.

அவள் தொட்டதெல்லாம் கடலில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் எழுந்து குதித்தாள்.

"வூட்ல நல்லாத்தான் மேடம் சொல்லிகினு இருந்துச்சு" என்றார் அம்மா. எல்லா அம்மாக்களும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன். மையத்து ஆசிரியை, கூட்டல் தெரியவில்லை என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் அவள் விரலைக் கவனித்தேன். நேராகச் சரியான கன்டெய்னருக்குப் போனது, தொடாமல் நின்றது, பக்கத்தில் இருந்ததைத் தொட்டது. அடுத்த கணக்கிலும் அதே கதை. மூன்றில் ஒன்று சரி என்றால், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நடுவில் ஒன்றிரண்டு சரியாக வந்திருக்க வேண்டும். இவளுக்கு ஒன்றுகூட வரவில்லை. ஆசிரியையைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று அவளிடம் கேட்டேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "பன்னெண்டு. அத்த தொட்டா சும்மா ஸ்டாருதான் மிஸ் வருது. இத்த தொட்டா டமால்னு வுயுது, மீனுங்கெல்லாம் தெறிச்சு ஓடுது பாரு!"

"அடிக் கழுத, இதுக்கா என்னைய இம்மாம் பேஜார் பண்ண?" என்று அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தார். வலிக்கிற அடி இல்லை.

மீதிக் கணக்குகளை ஆசிரியை வாயால் கேட்டார். எல்லாவற்றையும் நாற்காலியைச் சுற்றிக்கொண்டே சொல்லி முடித்தாள். அறிக்கையில் கூட்டல் நன்றாகத் தெரியும் என்று எழுதினார். அதே பள்ளியில்தான் இப்போதும் படிக்கிறாள்.

விளையாட்டையும் மாற்றினோம். இப்போது சரியாக ஏற்றினால்தான் கப்பல் சங்கு ஊதும், மீன்கள் துள்ளும். தவறினால் கன்டெய்னர் பேசாமல் கரையிலேயே நிற்கும். அவளிடம் காட்டியபோது எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிட்டு, "முன்னாடி இருந்ததுதான் சூப்பரு" என்றாள்.

இன்றும் ஒரு பிள்ளை பூஜ்யம் வாங்கினால், அந்தப் பூஜ்யத்தில் அதற்கு என்ன கிடைத்தது என்றுதான் முதலில் தேடுகிறேன். அன்று அந்தப் பேனா ஒரே ஒரு வரி ஓடியிருந்தால், அவளை அந்தப் பள்ளியிலிருந்து அனுப்பியிருப்பார்கள்.