சத்தம் கேட்காத இடம்

என் நெஞ்சில் கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்று முதல் உள்ளே டிக் டிக்கென்று ஒரு சத்தம். வாயை மூடினால் இன்னும் பலமாகக் கேட்கும். அதனால்தான் நான் வாயை மூடுவதில்லை என்று மருமகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் சிரித்ததில்லை.

அந்தச் சத்தம் கேட்காத இடம் எனக்கு ஒன்றுதான் இருந்தது. மரக்காணத்து உப்பளம். காற்று காதை அடைக்கும். பத்துப் பதினைந்து பெண்கள் உப்புக் கூடையைச் சுமந்தபடி ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டு நடப்போம். அந்தச் சந்தடியில் என் நெஞ்சு எனக்கே கேட்காது.

டாக்டர் அந்த வேலை வேண்டாம் என்றுதான் சொன்னார். வால்வில் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும். அதைப் போட்டால், காயம் பட்டு ரத்தம் வந்தால் லேசில் நிற்காது. உப்போ கண்ணாடிச் சில்லு மாதிரி அறுக்கும். நான் மேஸ்திரியிடம் போய், "டாக்டரு உப்பைக் கொறைச்சுத் தின்னச் சொன்னாரு. தூக்க வேணாம்னு சொல்லல" என்றேன். சாக்ஸ் மேல் சாக்ஸ் மாட்டிக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன்.

எனக்குப் பின்னால் கூடை சுமந்து வருபவள் என் ஓரகத்தி.

"ஏ கெழவி, உன்னைக் கொளுத்தினா உப்புல ஊறின காலும் வேவாது, அந்த இரும்பும் வேவாது. எலும்பு பொறுக்க வர்றவன் பயந்து ஓடப் போறான்" என்பாள்.

"நீ நின்னு பாத்துட்டு வந்து சொல்லுடி" என்பேன்.

போன சித்திரையில் ஒரு நாள் காலை, வரப்பில் நடக்கும்போது அவள் பேச்சு நின்றது.

"அக்கா, கூடையை எறக்கு."

அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டுப் பல காலம் ஆகியிருந்தது. அதிலேயே பயந்து திரும்பினேன். வெள்ளை வரப்பில் என் காலடி எல்லாம் சிவப்பு. சாக்ஸையும் கிழித்து உப்பு காய்த்துப்போன குதிகாலை அறுத்தது எனக்குத் தெரியவே இல்லை. அவள் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். அதுவும் நனைந்தது. மேஸ்திரி கண்ணில் படாமல் இருக்க, மற்றவர்கள் சிவந்த உப்பை வாரி வாய்க்காலில் கொட்டினார்கள். வார வார என் கால் அங்கே மறுபடி சிவப்பாக்கியது.

அதற்குள் மேஸ்திரி வந்து பார்த்துவிட்டான். கத்தியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை வைத்திருந்தேன். அவன் கத்தவில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டான்.

"ஆயா, இனிமே வராதே. வந்தாலும் கூடை குடுக்க மாட்டேன்."



இப்போது வீட்டில்தான். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் நானும் அந்தச் சத்தமும். டிவியைப் போட்டாலும் நடுவில் நுழைந்துவிடும்.

"இதைக் கொஞ்சம் மெதுவா வெக்க முடியாதுங்களா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"சத்தம் மங்கினா உடனே ஓடி வாம்மா. வால்வுல ரத்தம் உறைஞ்சு அடைக்குதுன்னு அர்த்தம்" என்றார்.

நான் ஆசைப்படும் அமைதி எதுவென்று அன்றுதான் புரிந்தது.

சாயங்காலம் உப்பளம் முடிந்து ஓரகத்தி வருவாள். கணுக்காலில் உப்பு வெளுத்துக் கிடக்கும்.

"இன்னும் ஓடுதா?" என்றாள் நேற்று.

"ஓடித் தொலையுது. அங்க இன்னாடி கதை இன்னிக்கு?"

சுவரில் சாய்ந்தவள் களைப்பில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஆறு மணி மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது. டீ ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆறிப்போன டீயில் விழுங்கினேன்.

அவள் குறட்டை விட ஆரம்பித்தாள். எழுப்பவில்லை. நெஞ்சில் ஓடுவது கேட்காத அளவுக்கு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.