ஜீப்பின் வெளி ஓரம்

மலைமேல் ஏலத்தோட்டத்துப் பாலர் பள்ளியில் வேலை பார்த்தபோது, கம்பம் ஊரிலிருந்து கூலியாட்கள் போகும் ஜீப்பில்தான் நானும் போவேன். அதில் ஓர் அக்கா வருவார். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. கதவில்லாத பின்பக்கத்தில், வெளி ஓரத்தில்தான் உட்காருவார். சாரலில் தோள் நனைந்தாலும் இடம் மாறமாட்டார்.

ஒருநாள் நான் முந்தி அங்கே உட்கார்ந்துவிட்டேன்.

"உள்ள போ ஆத்தா" என்று தோளைப் பிடித்து நகர்த்தினார்.

"நான் விழுந்துர மாட்டேன்க்கா."

என்னை உள்ளே தள்ளிவிட்டு அவரே ஓரத்தில் உட்கார்ந்தார். மேலே ஒரு வளைவு வந்ததும் சொன்னார்:

"இங்கனதான் வண்டி கவுந்துச்சு. அன்னைக்கு ஓரத்துல இருந்தவ நான். குளுருதுன்னேன். கூட வேலைக்கு வந்த ஒரு பிள்ள எந்திரிச்சு என்னைய உள்ள உக்கார வச்சிட்டு, அது ஓரத்துக்குப் போச்சு. பள்ளத்துல விழுந்து செத்துப்போச்சு. எனக்கு ஒரு கீறல் இல்ல."

"கர்த்தர் உங்களைக் காப்பாத்திட்டாரு" என்றேன்.

"சர்ச்சுலயும் அதத்தான் சாட்சி சொல்லச் சொன்னாக. சொன்னேன். ஏசுசாமி நமக்காகச் செத்தாருன்னு சின்னப்பிள்ளையில இருந்து கேட்டிருக்கேன். அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன். அதுக்கப்புறம் உள்ள உக்கார முடியல ஆத்தா."

இன்றும் பஸ்ஸில் யாராவது எழுந்து எனக்கு இடம் கொடுத்தால், உட்காருவதற்கு முன் அவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன்.