ஃபஸ் பெட்டிக்கு ஊற்றிய தண்ணீர்

தீப்பெட்டிக்குள் பிடித்துப் போட்ட வண்டு எப்படி இரையும்... அதைப் பத்து மடங்காக்கி ஆம்ப்ளிஃபயரில் விட்டால் எப்படி இருக்கும்? எழுபதுகளில் எங்கள் அருப்புக்கோட்டை மெல்லிசைக் குழுவில் தங்கராசு கிடாரில் வரவழைத்த சத்தம் அதுதான்.

நான் அந்தக் குழுவில் பாங்கோஸ் தட்டுகிறவன். தங்கராசு பகலில் ரேடியோ ரிப்பேர், கச்சேரி நாளில் கிடார்.

மதுரைப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்து அவனே செய்த பெட்டியிலிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. இரண்டு டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், கண்டென்சர், ஒரு பேட்டரி. எல்லாம் ஒரு தகர பிஸ்கட் டப்பாவுக்குள். காலால் ஸ்விட்சை மிதித்தால் கிடாரின் சத்தம் அப்படியே கிழிந்து, இழுத்துக்கொண்டே அழும். அதற்குப் பெயர் ஃபஸ். முதல் தடவை கேட்ட மைக் செட்காரர், ஸ்பீக்கர் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

சிரிக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்தது சிரிக்கிற கதை இல்லை.

அந்தப் பெட்டியை இரண்டு விதமாகச் செய்யலாம். பழைய ரேடியோவில் கழற்றிய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்டால் சத்தம் குழைந்து, மனுஷக் குரல் மாதிரி வரும். ஆனால் அதற்குச் சூடு ஆகாது. வெயில் ஏறினால் திக்கும், தும்மும், கடைசியில் ஊமையாகிவிடும். அப்போது புதிதாக வந்த சிலிக்கான் போட்டால் வெயில் ஒன்றும் செய்யாது, ஆனால் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கும். சிலிக்கானில் ஒன்று செய்து, ஒரே வாரத்தில் பிரித்துப் போட்டுவிட்டான்.

"ஏலே, இது பாடல... வையுது."

சரி, எங்கள் ஊர் வெயிலுக்கு ஜெர்மேனியம் எப்படித் தாங்கும்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். கொத்தனார் சட்டியில் மணலைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, அந்த ஈர மணல் மேல் பெட்டியை வைப்பான். தண்ணீர்ப் பானைக்குக் கீழே மணல் போடுவோமே, அதே யோசனைதான்.

அது மழை பொய்த்த வருஷம். பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் மழை வேண்டி அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். எங்கள் கச்சேரி. அந்த ஊர் மளிகைக்கடைக்காரருக்குச் சம்பந்தி ஒருவர், மதுரையில் பெரிய குழு நடத்துகிறவர், கிடாருக்கு ஆள் தேடி வந்திருந்தார். தங்கராசு வேலை பார்த்த ரேடியோ கடையை அந்த மாசத்தோடு மூடப்போகிறார்கள். அவனுக்கு அந்தச் சாயங்காலத்தை விட்டால் வேறு வழி இல்லை.

மேடைக்கு மேலே தகரக் கூரை. பொழுது சாய்ந்தும் அனல் இறங்கவில்லை. பெட்டி ஒத்திகையிலேயே திக்க ஆரம்பித்துவிட்டது.

பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றான். "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க."

அந்த அக்கா உள்ளே போனவள் வர நேரமாயிற்று. அரைக் குடம் கொண்டுவந்தாள். "ஊத்துத் தண்ணி தம்பி. குடிச்சிட்டுக் குடத்தைத் தாங்க."

அவன் வாங்கி வந்து மொத்தத்தையும் மணலில் ஊற்றினான். காய்ந்த மணல் சத்தமில்லாமல் குடித்தது.

அந்தக் காலத்து ஊத்து என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வறண்ட கண்மாயில் ஆழமாகக் குழி தோண்டிப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கசிவதைச் சிரட்டையில் மோந்து மோந்து ஊற்ற வேண்டும். ஒரு குடம் சேர்வதற்குள் விடிந்துவிடும். எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

குடத்தை வாங்க வந்த அக்கா சட்டியைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"தாகத்துக்குன்னுல்ல குடுத்தேன்... பிள்ளை காய்ச்சலாக் கெடக்கான். அவனுக்கு வச்சிருந்தது."

தங்கராசு தோளில் கிடந்த துண்டை எடுத்தான். சட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, ஈர மணலைத் துண்டில் அள்ளி முறுக்கிக் குடத்துக்குள் பிழிய ஆரம்பித்தான். விரல் வழியே மண்ணும் தண்ணீருமாகச் சொட்டியது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது, மதுரைக்காரரும்தான். எனக்கு அவமானமாக இருந்தது. போய் ஒரு கை பிடிக்கக்கூடத் தோன்றவில்லை.

அவ்வளவு பிழிந்தும் குடத்தின் அடி நனைந்த அளவுக்குத்தான் வந்தது. செக்கச் சிவந்த கலங்கல்.

"விடுங்க தம்பி. தெளிஞ்சா ஆகும்."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கச்சேரி நடந்தது. மிச்ச ஈரத்தில் பெட்டியை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை, வெறும் பலகையில் வைத்தான். இரண்டாவது பாட்டில் பெட்டி திக்கியது, மூன்றாவதில் ஊமையானது. தங்கராசு ஸ்விட்சை மறுபடி மிதிக்கவே இல்லை, சாதாரணமாகவே வாசித்து முடித்தான். மதுரைக்காரர் பாதியில் எழுந்து போனார். அடுத்த மாசம் தங்கராசு திருப்பூருக்கு மில் வேலைக்குப் போனான். கிடாரை அதற்குப் பிறகு அவன் தொட்டு நான் பார்க்கவில்லை.

இப்போது இந்த ஜெர்மேனியம் பெட்டிகளை வெளிநாட்டில் கையால் செய்து, நம்பவே முடியாத விலைக்கு விற்கிறார்கள். சூட்டுக்குத் தகுந்தபடி திருகிக்கொள்ளத் தனிக் குமிழே வந்துவிட்டது. போன வாரம் ஒரு வீடியோ பார்த்தேன். வாசிக்கும் முன் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். கீழே எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். அதைத் தங்கராசுக்கு அனுப்பினேன்.

பார்த்துவிட்டான். மறுநாள் காலையில் போன் வந்தது.

"ஏலே, அந்தப் பிள்ளைக்கு என்னாச்சுன்னு அன்னைக்கு யாராச்சும் கேட்டமாலே?"

கச்சேரி முடிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம். அந்த வீட்டைத் தாண்டித்தான் ஓடினோம்.

"இல்லலே" என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.