தகப்பன் உயிரோடு இருந்த பிள்ளை

ஐயா பிறந்ததும் உழுததும் விழுந்ததும் நறுவிலிக்குளத்தில்தான். இடையில் சண்டைக் காலத்தில் சில வருடங்கள் முகாமில் இருந்தார். அந்த ஓட்டத்தில்தான் அவருடைய ஒரே தம்பி, எங்கள் சித்தப்பா, காணாமல் போனார். இன்றுவரை சித்தப்பாவின் படத்துக்கு எங்கள் வீட்டில் மாலை போட்டதில்லை. பொங்கலுக்கு உடுப்பு எடுக்கும்போது அவருக்கும் ஒரு சாரம் எடுத்து அலுமாரியில் வைப்பார் ஐயா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இது வேண்டும்.

இந்த நினைவு மலரில் மற்றவர்கள் ஐயாவின் பொறுமையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பொறுமைசாலிதான். ஆனால் எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த நாளிலிருந்து அந்தப் பொறுமையை எத்தனை பேர் மிதித்தார்கள் என்பதையும் யாராவது எழுத வேண்டும். மூத்த மகள் நான் எழுதுகிறேன்.

படிப்பு இலவசம் என்பார்கள். படிப்பு மட்டும்தான் இலவசம். அறை வாடகை, சாப்பாடு, பஸ், கணினி எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். அரசாங்க உதவிப் பணத்துக்கு விண்ணப்பித்தோம். ஐயாவின் பெயரில் வயல் உறுதிப்பத்திரம் இருந்ததால் வசதியான குடும்பம் என்று தள்ளிவிட்டார்கள். உரமும் கிடைக்காமல் தண்ணீரும் வராமல் வெறுமனே கிடந்த வயல் அது. "ஒருக்கா வந்து வயலைப் பாருங்கோ, சேர்" என்று ஐயா கந்தோர் அதிகாரியிடம் கெஞ்சினார். ஒருவரும் வரவில்லை.

பிறகு, வெளிநாட்டுப் பணத்தில் மாணவர்களுக்கு உதவும் ஒரு சங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஐயாவும் நானும் மன்னார் டவுனுக்குப் போனோம். சங்கத்தின் செயலாளர் எங்களைக் கதிரையில் இருத்தித் தேநீர் தந்தார். என் பெறுபேற்றைப் பார்த்து மெச்சினார். பிறகு ஐயாவைப் பார்த்தார்.

"பிள்ளை கெட்டிக்காரிதான். ஆனா நாங்கள் தகப்பன் இல்லாத பிள்ளையளுக்குத்தான் குடுக்கிறனாங்கள். காசு தாற ஆக்கள் அப்பிடித்தான் கேக்கினம்."

"அப்ப தகப்பன் உயிரோடை இருந்தாப் பிள்ளைக்குப் பசிக்காதோ?" என்று ஐயா கேட்டார்.

செயலாளர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணை, ஒண்டு செய்யலாம். சண்டையிலை காணாமல் போனவர் எண்டு உங்களைப் போடுங்கோ. ஆர் வந்து பாக்கப் போகினம்?"

ஐயா எழுந்துவிட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். "என்ரை தம்பியைத் தேடிக் களைச்ச ஆள் நான். இருக்கிற நான் காணாமல் போனனான் எண்டு எழுதினா, உண்மையாக் காணாமல் போனவனை ஆர் நம்புவினம்?"

தேநீரை நாங்கள் குடிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, "நான் இருக்கிறன் பிள்ளை, நான் படிப்பிப்பன்" என்றார்.

உறவுக்காரருக்குச் செய்தி போனது. எழுதிக் கொடுத்திருக்கலாமே, இல்லாதவனுக்கு என்ன வீறாப்பு என்று சிலர் வீட்டுக்கே வந்து சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட என் ஒரு மாதச் சாப்பாட்டுக்கு வழி சொல்லவில்லை. இந்த மலர் அவர்கள் கையிலும் இருக்கும். வாசிக்கட்டும்.

அதன் பிறகு ஐயா மற்றவர்களின் வயலில் கூலிக்குப் போனார். நெல்லறுக்கும் அருவி வெட்டு, வேலி அடைப்பு, மண் ஏற்றுவது என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். நெஞ்சு நோவுக்கு வாய்வு என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் குடித்தார். நான் படிப்பை விட்டுவிட்டு வாறன் என்று தொலைபேசியில் அழுதபோது, "நீ விட்டுப்போட்டு வந்தா, நான் உண்மையாவே இல்லாமல் போனமாதிரித்தான்" என்றார். நான் விடவில்லை. என் இரண்டாம் வருடப் பரீட்சைக் காலத்தில், வேறொருவரின் வயல் வரம்பில் ஐயா விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அந்தச் செயலாளர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஐயாவின் படத்துக்கு முன்னால் நின்று உண்மையாகவே கண் கலங்கினார். அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு விண்ணப்பத்தை நீட்டினார்.

"இனி ஒரு பிரச்சினையும் இல்லைப் பிள்ளை."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கையெழுத்துப் போட்டேன். படிப்பை விடக்கூடாது என்பதுதான் ஐயா என்னிடம் கேட்டது. மரணச் சான்றிதழையும் இணைத்துக் கொடுத்தேன். இந்த முறை பொய் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.

ஐயாவை வரம்பிலிருந்து தூக்கி வந்த வயல்காரருக்கும், பந்தல் போட்ட அயலவருக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டு வந்த பெண்களுக்கும், செய்தி கேட்டு ஓடி வந்த என் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஐயா இருந்தபோதும் இவர்கள்தான் வந்தார்கள்.

ஐயாவின் பெயரில் ஒரு புலமைப்பரிசில் தொடங்கப் போவதாக வெளிநாட்டு உறவுகள் சொல்லியிருக்கிறார்கள். தொடங்குங்கள். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அதைத் தகப்பன் உயிரோடு இருக்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். அந்தத் தகப்பன் இருக்கும்போதே கொடுங்கள்.

மூத்த மகள்